இரண்டு பேர் எழுதிய கட்டுரை

பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் ஜூலை மழை யாரையும் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. அஸ்கானியோ வியேகஸ் டாக்சியை விட்டு இறங்கிப் பல்கலைக்கழக வாசலில் இருந்த பதிவு மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் தோள்பட்டை இரண்டும் நனைந்துவிட்டன. குடை கையில்தான் இருந்தது. விரிக்கத் தோன்றவில்லை. அந்த மாதிரி விஷயங்களை ஞாபகப்படுத்த வீட்டில் ஆள் இருந்தே பழகிப்போன மனிதர் அவர்.

மேசைக்குப் பின்னால் சங்கத்தின் செயலாளர் கெசியா உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அறுநூறு பேருடைய பெயரும் ஊரும் மனப்பாடம். அவர்களுடைய சால்ஜாப்புகளும் மனப்பாடம்.

"வாங்க புரொபசர். வியேகஸ், மொராயிஸ், ரெண்டு பேர் கார்டும் ஒரே கவர்லயே வச்சிட்டேன்" என்று உறையை நீட்டினாள். "அம்மா எங்க?"

"ரூம்ல படுத்திருக்கா" என்றார் அஸ்கானியோ. "தலைவலி."

அவர் மனைவி ஒதிலா மொராயிஸ் இறந்து அன்றைக்கு நாலு மாதமும் ஒரு வாரமும் ஆகியிருந்தது.

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் திட்டம் போட்டுக்கொண்டு வரவில்லை. சொல்லாமல் இருந்துவிட வேண்டும் என்றுதான் வந்தார். சொல்லாமல் இருப்பதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவில் ஒரு கேள்வி அளவுக்குத்தான் தூரம் என்பது அறுபத்தெட்டு வயதில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, என்ன செய்வது.

அந்தச் சங்கத்துக்குப் பலகையில் நீளமான பெயர் உண்டு. பிரேசிலைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர்களின் பன்னாட்டுச் சங்கம். பாதிப் பேர் பிரேசில்காரர்கள். மீதிப் பாதி, பிரேசிலைப் படித்துப் படித்தே தலை நரைத்துப்போன வெளிநாட்டுக்காரர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு மாநாடு, ஒரு முறை இங்கே, ஒரு முறை வெளிநாட்டில். நூலகத்தில் தூசி தும்மிக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிறவர்களுக்குத் தங்களைப் போலவே கிறுக்குப் பிடித்தவர்கள் உலகத்தில் இன்னும் அறுநூறு பேர் இருக்கிறார்கள் என்று ஆறுதல்பட அந்த நாலு நாள்தான் வாய்ப்பு. அஸ்கானியோவும் ஒதிலாவும் பதினாறு மாநாடுகளுக்குச் சேர்ந்தே போயிருக்கிறார்கள். எழுதியதெல்லாம் சேர்ந்தே எழுதியது. இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டே அச்சாகும். ஒரு முறை ஒரு ஜப்பான்காரர் வியேகஸ் மொராயிஸ் என்பது ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டு கைகுலுக்க வந்துவிட்டு, இரண்டு பேரைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

சங்கத்தில் ஒரு சட்டம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் கட்டுரைகளில் பெயர்கள் காளான் மாதிரி முளைக்க ஆரம்பித்தன. எழுதியவர் பெயர், அவருடைய துறைத்தலைவர் பெயர், துறைத்தலைவரின் மைத்துனர் பெயர் என்று. ஒரே மாநாட்டில் ஏழு கட்டுரைகளில் பெயர் போட்டுக்கொண்ட ஒரு பெரிய மனிதர் நாலு நாளும் கடற்கரையில் மல்லாந்து கிடந்ததைப் பலர் பார்த்தார்கள். பொதுக்குழு கொதித்துப்போய்த் தீர்மானம் போட்டது. அமர்வுக்கு நேரில் வந்து வருகைத்தாளில் கையெழுத்துப் போடாதவரின் பெயர் தொகுப்பு நூலிலிருந்து நீக்கப்படும். யாருக்கும் விலக்கு இல்லை, இறந்துபோனவர்களைத் தவிர. அதற்கும் ஒரு மாதம் முன்னதாகச் செயலாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஒரு வரி போதும்.

அந்த ஒரு வரியை எழுதத்தான் அஸ்கானியோவால் முடியவில்லை. மூன்று தடவை மின்னஞ்சலைத் திறந்தார். 'அன்புள்ள கெசியா, என் மனைவி ஒதிலா மொராயிஸ் மார்ச் மாதம் பதினாறாம் தேதி' என்பது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் கை நகரவில்லை. வாழ்க்கையில் நாலாயிரம் பக்கம் எழுதிய கை. ஒரு மாதக் கெடு தாண்டிப்போனது.

கெடு தாண்டிய பிறகுதான் என்ன போகப்போகிறது என்று கணக்குப் போட்டார். கட்டுரையில் பாதி அவளுடையது. மரன்யாவ் மாநிலத்து உட்பகுதிகளில் துணிமூட்டை சுமந்து விற்ற சிரியா நாட்டு வியாபாரிகளைப் பற்றிய கட்டுரை. வியாபாரிகளின் பக்கத்தை அவர் ஆவணங்களில் தேடி எழுதினார். துணி வாங்கிய பெண்களின் பக்கத்தை அவள் எழுதினாள். பன்னிரண்டு கிழவிகளை வீடு வீடாகத் தேடிப் போய்ப் பேசி, கடைசிப் பக்கங்களைப் படுக்கையில் கிடந்தபடி வாயால் சொல்ல, அவர் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். இப்போது அவள் பெயரை அடித்துவிட்டால் அந்தப் பன்னிரண்டு பெண்களும் அவருடைய கண்டுபிடிப்பாகிவிடுவார்கள். மனைவி செத்ததும் அவள் உழைப்பைச் சுருட்டிக்கொண்ட புருஷன் என்று வேறு யாரும் சொல்லமாட்டார்கள். அவர் சொல்லிக்கொள்வார். அது போதாதா?

அதனால்தான் வந்தார். வந்து, வாசலிலேயே, தலைவலி என்று சொல்லிவிட்டார்.

"சரி, அவங்க ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றாள் கெசியா. "ஆனா வியாழக்கிழமை செஷனுக்குக் கண்டிப்பா வந்து கையெழுத்துப் போடணும். எங்கிட்ட எந்தச் சிபாரிசும் எடுபடாது, சொல்லிட்டேன்."

"வருவா."

நடைவழியில் எவிலாசியோ பிடித்துக்கொண்டார். ரெசிஃபே ஆள். இந்த மாநாட்டின் உள்ளூர்த் தலைவர், வியாழக்கிழமை அமர்வுக்கும் தலைவர். பெருந்தொந்தி. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது.

"யோவ் அஸ்கானியோ! இன்னும் சாகலயா நீ?" என்று கட்டிப்பிடித்து முதுகில் நாலு அறை வைத்தார். முப்பது வருஷமாக இதேதான் அவருடைய வரவேற்பு. "எங்க நம்ம மகாராணி?"

"தூங்குறா."

"தூங்கவா ரெசிஃபே வந்தா? கோடோவில தூக்கம் கெடைக்கலயா அவளுக்கு? அந்த ஊர்ல வேற என்னய்யா வேலை?" ஓய்வு பெற்ற பிறகு இருவரும் ஒதிலாவின் சொந்த ஊரான கோடோவுக்குக் குடிபோனதில் எவிலாசியோவுக்குக் கடுப்பு. அங்கேயே கிடந்தால் யாருக்குச் சேதி தெரியும், யாருக்குச் சேதி போகும் என்பார். அது உண்மைதான். அவள் தங்கைகள் நாலு பேரும் பங்குச் சாமியாரும் தெருக்காரர்களும் சேர்ந்து அவளைப் புதைத்தார்கள். சங்கத்துக்காரர் ஒருவருக்கும் தெரியாது.

எவிலாசியோ பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கொய்யா ஜாம் தடவி மெல்லிசாகச் சுருட்டிய கேக். "என் பொண்டாட்டி பண்ணது. ஒனக்கில்ல, அவளுக்கு. நீ தொட்டா எனக்குத் தெரிஞ்சிடும், ஜாக்கிரதை."

ஓட்டல் அறையில் இரண்டு கட்டில்கள். அஸ்கானியோ பொட்டலத்தைச் சுவரோரக் கட்டிலில் வைத்தார். இரண்டு துண்டு, இரண்டு சோப்பு, காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு சீட்டு. ஈரச் சட்டையோடு தன் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அதற்குப் பதில் ஒரு வினோதமான நிம்மதி வந்தது.

அது என்னவென்று புதன்கிழமைதான் அவருக்குப் புரிந்தது. கோடோவில் ரொட்டிக் கடைக்காரனிலிருந்து மருந்துக் கடைப் பெண் வரைக்கும் அவரைப் பார்த்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள். இங்கே யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. ஒதிலா எங்கே என்று சத்தமாகக் கேட்டார்கள். கீழே காபி குடிக்கப் போனாள், இப்போதுதான் அந்தப் பக்கம் போனாள், கால் வலி, மருமகளோடு போனில் பேசுகிறாள் என்று ஆளுக்கொன்றாக அவர் சொன்னார். அவர்களுக்குப் பிள்ளையே இல்லை, மருமகள் எங்கிருந்து வந்தாள்! கேட்டவரும் யோசிக்கவில்லை. உலகத்தில் ஒரே ஒரு இடத்தில், நாலே நாளைக்கு, ஒதிலாவுக்குத் தலைவலி மட்டும்தான். சொல்லச் சொல்ல இனித்தது. அந்த இனிப்பு அவருக்கே வெட்கமாகவும் இருந்தது.

வெர்னா ஹாஸ்கெல் மட்டும் அப்படி லேசில் விடுகிற ஆள் இல்லை.

வெர்னா அமெரிக்கக்காரி. எழுபது வயதில் கொக்கு மாதிரி நெட்டையாக, தோளில் எப்போதும் ஒரு துணிப்பையோடு அலைவாள். இருபத்திரண்டு வயதில் வடகிழக்குப் பிரேசிலுக்கு ஆறு மாத ஆராய்ச்சிக்கு வந்து, வாழ்நாள் முழுவதையும் அதற்கே எழுதிக்கொடுத்துவிட்டாள். பேசுவது உள்ளூர்க்காரர்களைவிட உள்ளூர்ப் பேச்சு, உச்சரிப்பு மட்டும் கல்லைக் கடித்த மாதிரி. ஒதிலாவுக்கு இந்த உலகத்தில் ஒரு சிநேகிதி என்றால் அது வெர்னாதான். போன மாநாடு லிஸ்பனில் நடந்தபோது இருவருக்கும் முட்டிக்கொண்டது. ஒதிலாவின் நேர்காணல்களை வெர்னா மேடையில் வைத்து "வெறும் கிழவிகளின் ஊர்வம்பு" என்று சொல்லிவிட்டாள். ஒதிலா விடைபெறாமலே விமானம் ஏறினாள்.

"என் மேல இன்னும் கோவமா இருக்காளா?" என்று வெர்னா புதன்கிழமை காபி மேசையருகே அவரை மடக்கினாள்.

"இல்லவே இல்ல. அதெல்லாம் எப்பவோ போச்சு."

அது சத்தியமான உண்மை. ஜனவரியில் வெர்னாவிடமிருந்து நீளமான மன்னிப்புக் கடிதம் வந்தது. ஒதிலா அதைப் படுக்கையில் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "அந்தக் கிறுக்கிய நான் நேர்ல பாத்து மன்னிச்சுக்கிறேன். அதுவரைக்கும் கொஞ்சம் கெஞ்சட்டும்" என்றாள். ஜூலை வரைக்கும் தான் இருப்போம் என்று அப்போது அவள் நம்பினாள். அவரும் நம்பினார்.

"கோவம் இல்லன்னா அப்புறம் ஏன் கண்ணுல படவே மாட்டேங்குறா? எல்லாருமே அவ இங்கதான் இருக்காங்கிறாங்க. நான் எங்க போனாலும் இப்பத்தான் போனாங்கிறாங்க. நான் வர்ற வழியப் பாத்து அவ திரும்பிப் போறாளா?"

"சேச்சே. அவளுக்கு ஒடம்பு சரியில்ல வெர்னா."

"ஒடம்பு சரியில்லன்னா நான் பாக்க வர்றேன்."

"வேணாம். யாரும் வரவேணாம்னு சொல்லியிருக்கா."

வெர்னா காபிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அப்போதே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூப்பிட வாயைத் திறக்கவும் செய்தார். ஆனால் வெர்னாவுக்குத் தெரிந்தால் அரைமணியில் அறுநூறு பேருக்கும் தெரியும், கெசியாவுக்கும் தெரியும், ஒதிலாவின் பெயர் அடிபட்டுப்போகும். இன்னும் ஒரு நாள்தான் என்று மென்று முழுங்கிவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் பதினாலாம் எண் அறையில் அமர்வு. மழையில் வந்து சேர்ந்தது ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். எவிலாசியோ தலைமை நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல "ரெண்டு பேரும் சேந்து எழுதினது, சண்டை போட்டுக்கிட்டே எழுதினது" என்று அறிமுகம் செய்தார். வெர்னா பின்வரிசையில் வந்து உட்கார்ந்து, அறையை ஒருமுறை கண்ணால் துழாவினாள்.

அஸ்கானியோ தன் பாதியை வேகமாக வாசித்தார். யாருக்கும் பெரிய சுவாரஸ்யம் இல்லை, அவருக்கும் இல்லை. பிறகு ஒதிலாவின் பாதி வந்தது.

"'என்னுடைய சக ஆசிரியர் முப்பது வருஷமாக நகராட்சிப் பதிவேடுகளில் பெண்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்'" என்று வாசித்தார். "'பெண்கள் வீட்டில் இருந்தார்கள். கதவைத் தட்டியிருந்தால் போதும்.'"

ஒன்பது பேரும் சிரித்தார்கள். எவிலாசியோ மேசையைத் தட்டினார். அஸ்கானியோ தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவள் படுக்கையில் இருந்து இதைச் சொன்னபோது அவர் தட்டச்சு செய்ய மாட்டேன் என்று அடம்பிடித்திருந்தார். டைப் அடி என்று அதட்டி அடிக்க வைத்தாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் கொஞ்சம் நிறுத்திக்கொண்டு மேலே வாசித்தார். பன்னிரண்டு பெண்களில் ஒருவரையும் விடாமல் பெயர் சொல்லி வாசித்தார். வாசித்து முடிக்கும்போது மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வருகைத்தாள் கைமாறி வந்தது. முதலில் தன் கையெழுத்தைப் போட்டார். கீழே ஒதிலா மொராயிஸ் என்று அச்சடித்த பெயருக்கு எதிரே அவள் கையெழுத்தையும் போட்டார். கை தயங்கவேயில்லை. கடைசி மூன்று மாதம் ஆஸ்பத்திரித் தாள்களில் எல்லாம் அவளுக்காக அவர்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தால் கெசியா நிற்கிறாள்.

"அம்மா எங்க புரொபசர், மேசைக்கு அடியில இருக்காங்களா?"

"வந்துட்டுப் போயிட்டா."

கெசியா தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஒருவருக்கு இன்னொருவர் கையெழுத்துப் போடுவது இந்த நாட்டில் கல்லூரிக் காலத்திலிருந்தே எல்லோருக்கும் கைவந்த கலைதான். அவளும் போட்டிருப்பாள்.

"கடற்கரைக்குப் போயிட்டாங்களாக்கும். இந்த மழையிலயா?" என்று பெருமூச்சு விட்டுத் தாளை மடித்துக்கொண்டாள். "உங்க வயசுக்காக விடுறேன். அவங்க பாதி ரொம்ப நல்லாருந்துச்சு, அதுக்காகவும்."

வேலை முடிந்துவிட்டது. ஒதிலாவின் பெயர் புத்தகத்தில் வரும். சந்தோஷப்பட வேண்டும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அறைக்கதவு தட்டப்பட்டது. அறையைப் பெருக்குகிற பெண் என்று நினைத்துக் கட்டில் கிரீச்சிட எழுந்தவர் குரலைக் கேட்டதும் நடுவிலேயே நின்றுவிட்டார்.

"ஒதிலா, நான்தான். அஸ்கானியோ சாப்பிடப் போயிருப்பான்னுதான் இப்ப வந்தேன். கதவத் தெறக்க வேணாம். கேட்டா மட்டும் போதும்."

அவர் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து ஒன் பாதியக் கேட்டேன். அதுக்கு நான் ஊர்வம்புன்னு பேர் வச்சேன் பாரு, என் வாயில கொள்ளிக்கட்டைய வைக்கணும். லிஸ்பன்ல எனக்குப் பொறாமை. ஒங்கிட்ட அந்தக் கிழவிங்க பேசுறாங்க, எங்கிட்ட பேச மாட்டேங்குறாங்க. நாப்பத்தெட்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன், எங்கிட்ட வெளிநாட்டுக்காரிக்குச் சொல்றதத்தான் சொல்றாங்க. அதான் விஷயம்." குரல் கதவுக்கு இன்னும் நெருங்கி வந்தது. "எனக்கு வயசாச்சு, ஒதிலா. அடுத்த தடவைக்கு நான் இருக்கேனோ என்னமோ. ஒரு வார்த்த சொல்லு. திட்டியாவது சொல்லு."

கதவுக்கும் அவருக்கும் நடுவில் மூன்று எட்டு. அந்த மூன்று எட்டை அவர் எடுத்து வைக்கவில்லை. திறந்தால் என்ன சொல்வது, நாலு நாளாக உன்னைப் பைத்தியக்காரியாக ஆக்கினேன் என்றா? வெட்கம் அவரைத் தரையோடு ஆணியடித்துவிட்டது. பெயர், புத்தகம் எல்லாம் அப்போது ஞாபகத்திலேயே இல்லை. வெறும் கோழைத்தனம், வேறொன்றும் இல்லை.

"சரி" என்றது வெளியே குரல். "புரிஞ்சுது." துணிப்பை கதவில் உரசுகிற சத்தமும், பிறகு நடைவழியில் தேய்ந்துகொண்டே போகிற செருப்புச் சத்தமும் கேட்டன.

நிறைவுக் கூட்டம் பதினோரு மணிக்கு. பெரிய அரங்கம் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் பெட்டியோடு வந்திருந்தார்கள். கூட்டம் முடிந்த கையோடு விமான நிலையத்துக்குப் பேருந்து வாசலில் தயாராக நின்றது. வெர்னா கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அஸ்கானியோ இருந்த பக்கம் அவள் திரும்பவேயில்லை.

நன்றியுரைகள் முடிந்ததும் கெசியா மேடையேறினாள். அரங்கம் எழுந்து நின்றது. போன மாநாட்டுக்குப் பிறகு காலமான உறுப்பினர்களின் பெயர்களை வாசிக்கிற நேரம். ஒவ்வொரு பெயருக்கும் கூடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து "இங்கே இருக்கார்" என்று பதில் குரல் கொடுப்பார்கள். இறந்தவர் சார்பில் இருப்பவர்கள் ஆஜர் சொல்கிற வழக்கம். பதினாறு மாநாடுகளிலும் அஸ்கானியோ சொல்லியிருக்கிறார். பக்கத்தில் ஒதிலா அவரைவிடச் சத்தமாகச் சொல்வாள்.

கெசியா பதினோரு பெயர்களை வாசித்தாள். பதினோரு முறை அரங்கம் அதிர்ந்தது. அவர்களில் ஏழெட்டுப் பேரை அஸ்கானியோவுக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் கஞ்சன், ஒருவர் கட்டுரை திருடியவர் என்றுகூடச் சொல்வார்கள். எல்லோருக்கும் குரல் கிடைத்தது. ஒதிலாவுக்குக் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அவள்தான் நேற்று மதியம் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறாளே! அவளைப் புத்தகத்தில் உயிரோடு வைத்துக்கொண்டதில், அவளுக்காக எழுந்து நின்றிருக்கக்கூடிய அறுநூறு பேரையும் தானே கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கதவோரம் நிற்கிறவளையும் சேர்த்து.

"பேர் ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கெசியா வழக்கம்போலக் கேட்டாள். எங்கிருந்தோ ஒரு குரல் ஒரு பெயரைச் சொன்னது. அதற்கும் பதில் கிடைத்தது. "வேற?"

சொன்னால் கையெழுத்து பொய் என்று ஆகும். பெயர் போகும். பன்னிரண்டு பெண்களும் அவர் பெயருக்குக் கீழே வந்து நிற்பார்கள்.

"ஒதிலா மொராயிஸ்" என்றார் அஸ்கானியோ.

சத்தம் அவர் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. அறுநூறு தலைகள் திரும்பின. ஒருவரும் பதில் குரல் கொடுக்கவில்லை. மேடையில் இருந்த எவிலாசியோ ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்தார்.

"யோவ் அஸ்கானியோ! பொண்டாட்டி நாலு நாள் ரூம்ல தூங்கினதுக்கு இப்படியாய்யா பழி வாங்குறது? அவளுக்குத் தெரிஞ்சா ஒன்னைத்தான் அடுத்த லிஸ்ட்டுல சேப்பா!"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் வரைக்கும் அவர் நின்றுகொண்டே இருந்தார். அடங்க நேரம் பிடித்தது. சிலர் திரும்பிப் பார்த்து அவருக்குக் கண்ணடிக்கவும் செய்தார்கள்.

"இல்ல, எவிலாசியோ. செத்துப்போயிட்டா. மார்ச் பதினாறு. கோடோவில, எங்க வீட்ல. நான் யாருக்கும் சொல்லல. எனக்குச் சொல்லத் தெரியல." கெசியாவைப் பார்த்தார். "அந்தக் கையெழுத்து நான் போட்டது. பேர எடுத்துடும்மா."

நாலு மாதமாக மின்னஞ்சலில் வராத வரி அது. வந்துவிட்டது. வந்ததும் ஒதிலா அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், அவர் கண் முன்னாலேயே மறுபடியும் செத்தாள்.

எவிலாசியோவின் கை ஒலிவாங்கியிலேயே இருந்தது. கெசியாதான் முதலில் சுதாரித்தாள். கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினாள். பிறகு மற்றப் பெயர்களை எப்படி வாசித்தாளோ அப்படியே, நிதானமாக வாசித்தாள். "ஒதிலா மொராயிஸ்."

பதில் ஒன்றாக வரவில்லை. இங்கே ஒரு குரல், அங்கே ஒரு குரல், பிறகு நாலைந்து, பிறகு மொத்த அரங்கமும். அஸ்கானியோ வாயைத் திறந்து பார்த்தார். அவருக்கு மட்டும் சத்தம் வரவில்லை.

பிறகு தழுவல் ஆரம்பித்தது. அந்த ஊர்க்காரர்கள் துக்கத்தில் இருப்பவனைக் கட்டிப்பிடிக்காமல் போகமாட்டார்கள். எவிலாசியோ மேடையிலிருந்து ஓடிவந்து, "நான் மாடுய்யா, மாடு" என்று அவர் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. பெயர் தெரியாதவர்கள், ஒதிலாவை ஒருமுறை பார்த்தவர்கள், பார்க்காதவர்கள். ஒவ்வொருவரும் இறுக்கிப் பிடித்து முதுகைத் தட்டினார்கள். அஸ்கானியோ ஒவ்வொரு தோளுக்கு மேலாகவும் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே யாரும் இல்லை.

வரிசையில் கெசியா வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அந்தக் கையெழுத்து விஷயம்... கமிட்டிகிட்ட நான் பேசிப் பாக்குறேன் புரொபசர். முடியுமான்னு தெரியல, ஆனா பேசுறேன்."

"வெர்னா எங்க?" என்றார் அவர்.

"நீங்க சொல்லும்போது இங்கதான் நின்னுக்கிட்டிருந்தாங்க. நான் பேர வாசிச்சப்ப சத்தமா பதில் சொன்னாங்க, என் காதுல விழுந்துச்சு."

"அதுக்கப்புறம்?"

கெசியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பஸ் ஏறிட்டாங்க. ஏதாவது சொல்லணுமான்னு கேட்டேன். உங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. காலைல கதவுக்குப் பின்னாடி யாரு நின்னதுன்னு."

அவர் பதில் சொல்வதற்குள் வரிசையில் அடுத்த ஆள் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.